இன்னும் பல தோல்விகள் வேண்டும்

இந்திய மகளிர் ஹேண்ட்பால் அணியின் வீராங்கனைகளுக்கு ஒரு திறந்த மடல்

சங்கரன்கோவில்,
மார்கழி, 2024

அன்பிற்குரியவர்களே,

டில்லி இந்திரா காந்தி உள்விளையாட்டரங்கில் டிசம்பர் 3ஆம் தேதி தொடங்கி 10ஆம் தேதி முடிவுற்ற இருபதாவது ஆசிய மகளிர் ஹேண்ட்பால் போட்டியில், எட்டு நாடுகளுள் ஆறாவது ஸ்தானத்தைப் பெற்று, நீங்கள் இந்நேரம் அவரவர் ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். கிரிக்கெட் அணி தோற்றுத் திரும்பினாலும் விமான நிலையத்தில் கூட்டம் கூடுகிற இந்த நாட்டில், உங்களை எதிர்கொண்டழைக்க ரயிலடிக்கு உங்கள் வீட்டாரைத் தவிர வேறு எவரும் வந்திருக்கமாட்டார்கள் என்று ஊகிப்பதற்குப் பெரிய ஞானதிருஷ்டி வேண்டியதில்லை. பத்திரிகைகளிலும் உங்களைப் பற்றிய பிரஸ்தாபம் மிகக் குறைவு. எங்கள் ஊர் நூலகத்துக்கு வரும் நாளிதழ்களை ஒன்றுவிடாமல் புரட்டிப் பார்த்தும், விரற்கடை அளவுள்ள செய்தி ஒன்றுதான் என் கண்ணில் பட்டது. ஆயினும் உங்களுக்கு ஆறுதல் சொல்லும்பொருட்டு இம்மடலை எழுதத் தொடங்கவில்லை. ஆறுதல் சொல்லி ஆற்றவேண்டிய துக்கம் எதுவும் உங்களுக்கு நேர்ந்துவிட்டதாக நான் கருதவில்லை. நேர்ந்தது போதாது, இன்னும் நேரவேண்டும் என்பதே என் அபிப்பிராயம். அது உங்களுக்குச் சற்றுக் கடுமையாகத் தோன்றினாலும், முழுவதையும் படித்துவிட்டுப் பிறகு கோபித்துக்கொள்ளுங்கள்.

எழுதுகிறவள் யார் என்று நீங்கள் கேட்பது நியாயமே. தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவிலில், விசைத்தறிகளின் ஓசை விடியுமுன் தொடங்கி ஊர் உறங்கிய பின்னும் ஓயாத தெருவொன்றில் வசிக்கிற, ஓய்வு பெற்ற தமிழாசிரியை நான். பெண்பிள்ளைகளின் அணி வெளியூர் சென்றால் துணைக்கு ஓர் ஆசிரியை உடன்செல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. கைக்குழந்தை உடைய இளைய ஆசிரியைகள் தயங்கி நிற்க, அந்தப் பொறுப்பு பெரும்பாலும் என் தலையிலேயே வந்து விழும். குறுவட்டப் போட்டி, மாவட்டப் போட்டி என்று பிள்ளைகளோடு பிள்ளையாக பஸ்ஸில் நெருக்கியடித்துக்கொண்டு போய், சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே வேப்பமர நிழலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, பி.டி. மாஸ்டர் சொல்லச் சொல்ல நோட்டில் கோல் எண்ணிக் குறித்துக் குறித்து, வேற்றுமைப் புணர்ச்சியும் ஆகுபெயரும் நடத்தி வந்த நான் இந்த ஆட்டத்தின் மேல் ஒரு பைத்தியமே கொண்டுவிட்டேன். ஓய்வு பெற்ற பின்னும் அந்தப் பைத்தியம் தெளியவில்லை. டில்லியில் நீங்கள் ஆடியதைப் பேத்தியின் கைப்பேசியில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தவள் என்ற உரிமையில்தான் இதனை எழுதுகிறேன்.

இது திறந்த மடலாதலின் உங்களையன்றி வேறு சிலரும் படிப்பார்கள். அவர்களுள் பலர் ஹேண்ட்பாலையும் வாலிபாலையும் ஒன்றென எண்ணிக் குழம்புகிறவர்கள். அவர்களுக்காகச் சில வார்த்தைகள் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன். நீங்கள் பொறுத்தருள வேண்டும். நாற்பது மீட்டர் நீளமும் இருபது மீட்டர் அகலமும் உள்ள களத்தில், கோல்கீப்பரோடு சேர்த்துப் பக்கத்துக்கு எழுவர் நின்று, முப்பது முப்பது நிமிஷமாக இரண்டு பாதி ஆடும் ஆட்டம் இது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்றடிக்கு மேல் எடுத்து வைக்கலாகாது. மூன்று விநாடிக்கு மேல் சும்மா வைத்திருக்கவும் ஆகாது. மூன்று மீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் உயரமும் உள்ள கோலுக்கு முன்னால், ஆறு மீட்டர் தூரத்தில் வளைத்து ஒரு கோடு போட்டிருக்கும். அதற்குள் கோல்கீப்பர் ஒருத்தியைத் தவிர வேறு எவரும் கால் வைக்கக் கூடாது. ஆனால் கோட்டுக்கு வெளியே தரையை உந்தி எழும்பி, உட்புறம் காற்றில் பறக்கிற அந்த நேரத்தில், கால் மறுபடியும் தரையில் படுமுன் பந்தை எறிந்துவிடலாம். விதி கொடுத்திருக்கிற இந்தச் சிறு சலுகையில்தான் ஆட்டத்தின் சௌந்தரியமெல்லாம் அடங்கியிருக்கிறது.

எங்கள் பள்ளி அணியில் இடப்பக்க மூலையில் ஆடிய பெண் ஒருத்தி. தறித் தொழிலாளி ஒருவரின் மகள். அந்த மூலையிலிருந்து எழும்பினால் கோலின் ஒரு கீற்றுத்தான் கண்ணுக்குத் தெரியும். அவளோ எறிவதுபோலத் தோளை அசைத்து, எறியாமல் நிறுத்தி, கோல்கீப்பரின் முழங்கால் எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்த பிறகு, அந்தக் கோல்கீப்பரின் இடுப்புக்குப் பக்கத்தில் திறந்த இடைவெளியில், மணிக்கட்டை மட்டும் திருப்பிப் பந்தை உள்ளே விடுவாள். இத்தனையும் காலும் தரையும் பிரிந்திருக்கும் சொற்ப நேரத்துக்குள் நடந்தாகவேண்டும். இந்த வித்தையை உனக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று ஒருநாள் பஸ்ஸில் வரும்போது கேட்டேன். “யாரும் சொல்லித் தரல டீச்சர். தூத்துக்குடிக்காரிகிட்ட அத்தன பந்தையும் விட்டுட்டு நின்னேம்லா, அப்பத்தான் தெரிஞ்சுது” என்றாள். தூத்துக்குடி அணியின் கோல்கீப்பர் அவள் எறிந்த பந்துகளையெல்லாம் தடுத்து அவளை அழவைத்த ஆட்டத்தை நானும் பார்த்திருந்தேன். அன்று அவளைத் தேற்றுவதற்கு நான் செலவிட்ட வார்த்தைகள் அத்தனையும் வீண். அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டிருந்தது.

இனி உங்கள் கணக்குக்கு வருகிறேன். 2023 செப்டம்பரில், சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில், ஜப்பானிடம் நீங்கள் 13–41 என்று தோற்றீர்கள். அதே விளையாட்டில் ஹாங்காங் அணியோடு 26–26 என்று சமமாக முடித்தீர்கள். இவ்வாண்டு டில்லியில், முதல் ஆட்டத்திலேயே அதே ஹாங்காங்கை 31–28 என்று வென்றீர்கள். சமமாக நின்ற ஓர் அணியை ஓராண்டு கழித்து மூன்று கோலில் வெல்வது ஒரு பெரிய சமாசாரமா என்று ஏளனம் செய்கிறவர்கள் இருக்கலாம். அவர்கள் ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிஷத்தில் கைகால் ஓய்ந்து மூச்சு வாங்க நிற்கும் ஒரு பெண்ணின் அருகே நின்று பார்த்ததில்லை. ஜப்பானியரின் வேகத்துக்கு ஈடுகொடுக்கமுடியாமல் நாற்பத்தொரு கோல் வாங்கிக்கொண்டு நின்ற அந்த ஒரு மணி நேரம், ஹாங்காங்கை வென்ற ஒரு மணி நேரத்துக்குள் எப்படியோ புகுந்து வேலை செய்திருக்கிறது என்பது என் திடமான நம்பிக்கை. இதனை நான் நிரூபிக்க இயலாது; உங்களில் அந்த இரண்டு ஆட்டங்களையும் ஆடியவர்கள் தம் மனத்தைக் கேட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.

உங்களை அவ்வளவு மோசமாகத் தோற்கடித்த ஜப்பானின் சரித்திரத்தையும் சற்றே பாருங்கள். ஆசிய மகளிர் போட்டியில் 2017, 2018, 2021, 2022 ஆகிய நான்கு முறையும் இறுதியாட்டம் வரை வந்து, நான்கு முறையும் கொரியாவிடமே அவர்கள் தோற்றார்கள். வேறு நாடாயிருந்தால் கொரியாவை எதிர்த்து ஆடுவதே நம் தலைவிதி என்று அலுத்துக்கொண்டிருக்கும். ஹாங்சோவில் அவர்கள் அதே கொரியாவை 29–19 என்று வென்று தங்கம் பெற்றார்கள்; இவ்வாண்டு டில்லியில் உங்கள் கண்ணெதிரே, உங்கள் அரங்கிலேயே, 25–24 என்ற ஒரே கோலில் மறுபடியும் வென்று, ஆறு போட்டிகளாகக் கொரியாவிடம் தங்கியிருந்த பட்டத்தைப் பறித்துக்கொண்டார்கள். அந்த இறுதியாட்டத்தை நீங்கள் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து பார்த்தீர்களோ, அல்லது அன்றைக்கே பெட்டி கட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டீர்களோ, நான் அறியேன். பார்த்திருந்தால், ஒரு கோலுக்கு ஜப்பானியர் எத்தனை ஆண்டு விலை கொடுத்தார்கள் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

மறுபுறம் நம்முடைய வெற்றிகளைப் பார்ப்போம். தெற்காசிய விளையாட்டில், 2010ல் டாக்காவிலும் 2016ல் குவாஹாத்தியிலும் 2019ல் நேபாளத்திலும் மகளிர் ஹேண்ட்பாலில் தங்கம் வாங்கியது இந்தியாதான். அவற்றை வாங்கியவர்களின் பிரயாசையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அந்தப் பதக்கங்களால் சிலருக்கு உத்தியோகம் கிடைத்திருக்கும், சிலர் வீட்டில் கல்யாணப் பேச்சு நின்று மறுபடியும் பயிற்சிக்கு அனுப்பியிருப்பார்கள், அதெல்லாம் நல்லதே. ஆனால் அத்தங்கங்கள் நம் விளையாட்டு நிர்வாகிகளுக்கு ஒரு சுகமான உறக்கத்தைக் கொடுத்தன என்று சொல்லத் துணிகிறேன். அண்டை நாட்டாரைப் பெரிய வித்தியாசத்தில் வென்று, மாலை போட்டுக்கொண்டு, படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டால் அந்த ஆண்டுக் கடமை தீர்ந்தது என்கிற மனோபாவம் அவர்களிடம் வேரூன்றிவிட்டது. பலவீனமானவரை வெல்வதில் புதிதாக என்ன தெரியவரும்? எதிராளி கோட்டை அடைக்கத் தாமதிக்கிறாள் என்றால், நம் எறிதலில் உள்ள தாமதமும் நமக்குத் தெரியாமலே போய்விடும். எங்கள் மூலை ஆட்டக்காரி ஒரு சாதாரண கோல்கீப்பருக்கு எதிராக எத்தனை கோல் போட்டிருந்தாலும், அந்தத் தோளசைவை அவள் கண்டுபிடித்திருக்கமாட்டாள்.

நம் பெண்களின் உடலமைப்பு இந்த ஆட்டத்துக்கு ஏற்றதன்று, உயரம் போதாது, நாம் எவ்வளவு முயன்றாலும் இவ்வளவுதான் என்று சொல்லிக் கையைக் கழுவுகிறவர்களும் உண்டு. இவர்களுக்குப் பதில் சொல்லக் கொரியாவே போதும். மகளிர் ஹேண்ட்பால் ஒலிம்பிக்கில் முதன்முதல் இடம் பெற்றது 1976ல், மொன்றியாலில். தங்கத்தைச் சோவியத் யூனியன் கொண்டுபோயிற்று. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுக்குள், 1988ல் சியோலில் கொரியப் பெண்கள் தங்கம் வென்றார்கள். 1992ல் பார்சலோனாவில் மறுபடியும் வென்றார்கள். 2022ல் ஸ்கோப்யே நகரில் நடந்த உலக இளையோர் போட்டியில், கொரியச் சிறுமிகள் தங்களைவிட உயரம் கூடிய டென்மார்க் பெண்களை இறுதியில் 31–28 என்று வென்றார்கள். ஐரோப்பாவுக்கு வெளியேயுள்ள நாடொன்று அந்தப் பட்டத்தை வென்றது அதுவே முதல் முறை.

ஆனால் கொரியரின் இந்த வெற்றிகளையெல்லாம்விட என் மனத்தில் நிற்பது அவர்கள் தோற்ற ஓர் ஆட்டந்தான். 2004 ஆகஸ்டு 29, ஏதென்ஸ் ஒலிம்பிக் இறுதியாட்டம், எதிரே டென்மார்க். உரிய நேரம் முடிந்தும் சமம். கூடுதல் நேரம் கொடுத்தும் சமம். இரண்டாம் முறை கூடுதல் நேரம் கொடுத்தபின்னும் 34–34 என்று சமம். முடிவில் ஒருவர்பின் ஒருவராக ஏழு மீட்டர்க் கோட்டிலிருந்து கோல்கீப்பரை மட்டும் எதிர்நோக்கி எறியும் முறையில் டென்மார்க் வென்றது. ஆடி ஓய்ந்து அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டதாக எண்ணப்பட்ட மூத்த பெண்கள் பலர் அந்தக் கொரிய அணியில் இருந்தார்கள். அந்தத் தோல்வியை வைத்து யிம் சூன்-ரே என்ற பெண் இயக்குநர் 2008ல் திரைப்படம் எடுத்தார். அந்த நாட்டு ஜனங்கள் கூட்டங்கூட்டமாகப் போய் அதைப் பார்த்தார்கள். தங்கம் வாங்கிய இரண்டு ஒலிம்பிக்கையும் விட்டு, தோற்ற ஒலிம்பிக்கைத் தேடிப் படமெடுத்த நாடு அது. நம் ஊரிலாயிருந்தால், “வெள்ளிதானே?” என்று கேட்டிருப்பார்கள், அதற்குள் வேறு பேச்சுக்குப் போயிருப்பார்கள்.

இந்தியாவில் இந்த ஆட்டம் நேற்று வந்ததன்று. 1972ல் ரோத்தக்கைச் சேர்ந்த ஜகத் சிங் சௌஹானின் முயற்சியால் இந்திய ஹேண்ட்பால் சம்மேளனம் தோன்றியது. 1982ல் டில்லி ஆசிய விளையாட்டில் ஆடவர் ஹேண்ட்பால் முதன்முதல் சேர்க்கப்பட்டது. பெண்களுக்கான ஹேண்ட்பால் 1990ல் பீஜிங்கில் சேர்ந்தது. அரை நூற்றாண்டு கழிந்துவிட்டது. இன்றைக்கும் தேசிய அணிக்கு ஆடுகிற ஒரு பெண்ணுக்கு ஓராண்டில் கிடைக்கும் கடினமான ஆட்டங்கள் எத்தனை? ஆண்டுக்கொரு தேசியப் போட்டி, ரயில்வே அணியிலோ மாநில அணியிலோ இடம் கிடைத்தால் இன்னும் சில ஆட்டங்கள், அதன்பின் ஒரு பயிற்சி முகாம், அந்த முகாம் முடிந்ததும் நேரே ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் எதிரே கொண்டுபோய் நிறுத்துதல். டென்மார்க்கிலும் நார்வேயிலும் ஹங்கேரியிலும் உங்கள் வயதுப் பெண்கள் செப்டம்பர் தொடங்கிக் கோடை வரும்வரை வாரந்தோறும் சங்க ஆட்டம் ஆடுகிறார்கள். 2023ல் ஜெய்ப்பூரில் ஆடவருக்கென்று ஆறு அணிகள் கொண்ட பிரீமியர் ஹேண்ட்பால் லீக் ஒன்றை நடத்தி, தொலைக்காட்சியில் காட்டி, மகாராஷ்டிர அணிக்குக் கோப்பையும் கொடுத்தார்கள். அந்த ஆண்டு பெண்களுக்கு அப்படியொரு லீக் நடக்கவில்லை. முகாமில் எவ்வளவு ஓடினாலும், கூம்புகளை நட்டு எவ்வளவு வளைந்து ஆடினாலும், ஒரு கொரியப் பெண் தன் தோளை உங்கள் நெஞ்சில் முட்டி, இடக்கையால் உங்கள் எறியும் கையின் முழங்கையைப் பிடித்துத் தடுக்கும்போது, நடுவர் ஊதுவாரோ ஊதமாட்டாரோ என்று தெரியாத அந்தக் கணத்தில் என்ன செய்வது என்பதைக் கூம்பு கற்றுக்கொடுக்காது.

இதற்கிடையில், இந்த ஆட்டத்தை ஆளும் உரிமை யாருக்கு என்று இரண்டு அமைப்புகள் தகராறு செய்து, வியாஜ்யம் டில்லி உயர்நீதிமன்றம் வரை போயிற்று. இதைக் கேள்வியுற்றபோது சங்கரன்கோவில்காரியான எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊர் ஸ்தல புராணத்தில் சங்கன், பதுமன் என்று இரண்டு நாகராஜர்கள். ஒருவன் சிவனே பெரியவர் என்றான், மற்றவன் திருமாலே பெரியவர் என்றான். வழக்கு அம்பாள் கோமதியம்மனிடம் வந்தது. அம்பாள் என்ன செய்தாள்? வாதம் செய்யவில்லை, புன்னைவனத்தில் ஒற்றைக்காலில் நின்று தவம் செய்தாள். ஆடி மாதத்தில் இறைவன் ஒருபாதி சங்கரனாகவும் மறுபாதி நாராயணனாகவும் காட்சி கொடுக்க, அதைத்தான் ஆண்டுதோறும் ஆடித் தபசு என்று நாங்கள் ஊர்கூடிக் கொண்டாடுகிறோம். வெளியூரிலிருந்து லட்சக்கணக்கில் ஜனங்கள் வந்து புற்றுமண் வாங்கிப் போகிறார்கள். ஸ்தல புராணம் சொல்லும்போதெல்லாம் ஒரு விஷயம் எனக்கு உறுத்தும்: சண்டை போட்டவர்கள் இருவரும் ஆண்கள், தவம் கிடந்தவள் பெண். இரண்டு சங்கங்களின் தகராறிலும் அதுவேதான் நடந்தது. எந்தக் கடிதத்தாள் செல்லும், எந்தக் கையெழுத்து செல்லாது என்று அவர்கள் வாதாடிக்கொண்டிருந்த காலத்தில், வயது போய்க்கொண்டிருந்தது உங்களுக்கு. கோமதியம்மனுக்காவது முடிவில் தரிசனம் கிடைத்தது.

கசப்பை இத்தோடு நிறுத்தி, சந்தோஷமான ஒன்றைச் சொல்கிறேன். ஹிமாசலப் பிரதேசத்தில் பிலாஸ்பூர் மாவட்டத்து மோர்சிங்கி என்ற சிற்றூரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. உங்களில் பலர் அங்கே வளர்ந்தவர்கள். தாமே ஆட்டக்காரராயிருந்த ஸ்நேஹலதாவும் அவருடைய கணவர் சச்சின் சௌத்ரியும் அந்த மலைக்கிராமத்தில் ஒரு பயிற்சிக்கூடம் வைத்து, ஊர்ப்புறத்துப் பெண்களைத் தங்கவைத்து, சோறு போட்டு, பள்ளிக்கு அனுப்பி, காலையும் மாலையும் ஆடவைத்தார்கள். அந்தக் கிராமத்துத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பெண்கள்தாம் நிதி சர்மா, மேனிகா, பாவனா சர்மா என்று தேசிய அணியின் பெயர்ப்பட்டியலில் இடம் பெற்றார்கள். 2022 மார்ச்சில் கஜகஸ்தானத்து அல்மாட்டி நகரில் இந்திய இளைய மகளிர் அணி ஆசியப் பட்டத்தை வென்றபோது, உலக ஜூனியர் போட்டிக்கு இந்தியா தகுதி பெற்றபோது, நாட்டின் பெரிய பெரிய அரங்கங்களெல்லாம் சும்மா கிடக்க, மோர்சிங்கிதான் அதற்கு முக்கிய காரணமாயிருந்தது. விளையாட்டு அமைச்சகம் என்று ஒன்று டில்லியில் இருக்கிறது. அது செய்யவேண்டியதில் ஒரு பங்கை ஒரு தம்பதி தம் வீட்டு வாசலிலிருந்து செய்தார்கள். இதை நினைக்கும்போது மகிழ்ச்சியும் வெட்கமும் ஒருங்கே உண்டாகின்றன.

தென்னாட்டில் ஒரு மோர்சிங்கி ஏன் தோன்றவில்லை என்று என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பிள்ளைகளிடம் கால் இல்லையா, கை இல்லையா? அதிகாலையில் எழுந்து, தாயோடு உட்கார்ந்து மல்லிகையும் பிச்சியும் கட்டிப் பூக்கடைக்குக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கு வருகிற பெண்ணின் விரல்களில் உள்ள வேகத்தை நீங்கள் பார்க்கவேண்டும்; அதே விரல்களில் அம்பத்தைந்து சென்டிமீட்டர்ச் சுற்றளவுள்ள பந்தை வைத்துவிட்டால், ஒரே மாதத்தில் பிடித்துக்கொள்கிறாள். பிடித்துக்கொண்டபின் என்ன ஆகிறது என்பதுதான் விஷயம். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில், பெயர் சொல்லவேண்டாம், மாவட்டப் போட்டியில் வென்ற பெண்கள் அணியை அடுத்த நிலைக்கு அனுப்பவில்லை. வேன் வாடகைக்குப் பணம் இல்லை என்று முதலில் சொன்னார்கள்; அதை நாங்கள் நான்கு பேர் சேர்ந்து கொடுத்துவிடுகிறோம் என்றதும், “அங்க போயி தோக்கத்தானம்மா போறாங்க; பரீட்சை வேற வருது” என்று பதில் வந்தது. சொன்னவர் கெட்டவர் அல்லர். பிள்ளைகள் மீது கரிசனம் உள்ளவரேதான். அவருடைய மொழியும், தெற்காசியத் தங்கத்தோடு திருப்தியடையும் நிர்வாகிகளின் மனமும் ஒன்றுதான். தோற்கப் போவதற்கு ஏன் செலவு செய்யவேண்டும் என்பது இருசாராரின் கணக்கு. அந்த அணியிலிருந்த கோல்கீப்பர்ப் பெண் இப்போது ஒரு ஜவுளிக்கடையில் வேலை செய்கிறாள். என்னைக் கண்டால் பில் போடும் மேஜையிலிருந்து எழுந்து வந்து, “டீச்சர், திருச்சிக்காரங்க எப்படி ஆடுறாங்கன்னு கடைசி வரைக்கும் பாக்காமலே போச்சு” என்பாள். வென்றிருக்கலாமே என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

ஆகவே, அம்மா, உங்களிடம் நான் கேட்டுக்கொள்ள விரும்புவது இதுதான். அடுத்த ஆண்டு இறுதியில் ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் நடக்கப்போகும் உலகப் போட்டிக்கு, டில்லியில் முதல் நான்கு இடம் பிடித்த ஜப்பான், கொரியா, கஜகஸ்தான், ஈரான் ஆகியவை போகின்றன, நீங்கள் போகவில்லை. 2026ல் ஜப்பானின் ஐச்சி–நகோயாவில் ஆசிய விளையாட்டு வருகிறது. இடையிலுள்ள காலத்தை முகாம்களில் கரைக்கவிடாதீர்கள். உங்களுக்குப் பரிசு வேண்டும், பாராட்டு விழா வேண்டும் என்று கேட்காமல், ஆட்டம் வேண்டும் என்று கேளுங்கள். அதையும் வாயால் கேட்காமல், அணியிலுள்ள அத்தனை பேரும் கையெழுத்திட்டு எழுத்தில் கேளுங்கள். நம்மைவிடப் பலமடங்கு வலுவான அணிகளோடு, அவர்கள் ஊரிலே போய், வருஷம் முழுவதும் ஆட்டங்கள் வேண்டும் என்று எழுதுங்கள். கொரியாவின் தேசிய அணி உங்களோடு ஆட ஒப்பாவிட்டால், அவர்களுடைய கம்பெனி அணி ஒன்றாவது ஒப்புமா என்று கேட்கச் சொல்லுங்கள். கஜகஸ்தானும் ஈரானும் தூரமில்லை. தோற்பீர்கள். பதினைந்து கோலில் தோற்பீர்கள், பிறகு பத்துக் கோலில் தோற்பீர்கள். ஒவ்வொரு தோல்வியையும் எண்ணி எழுதிவைத்துக்கொள்ளுங்கள். யார் கேட்டாலும் கூச்சமின்றிக் காட்டுங்கள்.

இன்னொரு விண்ணப்பமும் உண்டு. ஆடி ஓய்ந்தபின், உங்களில் பலருக்கு ரயில்வேயிலோ போலீஸிலோ வேலை கிடைக்கும்; கிடைக்கவேண்டும். அந்த வேலையோடு நின்றுவிடாமல், ஸ்நேஹலதா போல உங்களில் சிலராவது ஒரு சிறு திடலில் பெண்பிள்ளைகளைச் சேர்த்துப் பந்தைக் கொடுங்கள். அந்தத் திடல் ஹிமாசலத்திலோ ஹரியாணாவிலோதான் இருக்கவேண்டும் என்பதில்லை. உங்களில் எவரேனும் தெற்கே வர மனம் வைத்தால், சென்னையிலிருந்து இரவு ரயிலேறி விடியற்காலையில் எங்கள் ஊரில் இறங்கலாம். திடலுக்குச் சொல்லிவைத்திருக்கிறோம், கோல் கம்பங்கள் இரண்டு துருப்பிடித்திருந்தாலும் வலுவாகத்தான் இருக்கின்றன, வலை மட்டும் புதிதாக வாங்கவேண்டும். தங்குவதற்கு என் வீட்டில் ஓர் அறை இருக்கிறது. எங்கள் பெண்களை எதிரே நிறுத்தி, ஒரு கோல்கூட விட்டுக்கொடுக்காமல், முழு ஒரு மணி நேரம் ஆடி, அவர்களை நன்றாகத் தோற்கடித்துவிட்டுப் போங்கள். ஜவுளிக்கடைப் பெண்ணுக்கு அன்றைக்கு லீவு வாங்கிக்கொடுப்பது என் பொறுப்பு.

இப்படிக்கு,
தங்கள் நலம் நாடும்
ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருத்தி